நன்றி எதற்கு?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று. "வாத்தியார் வேலைக்கு என்ன குறைச்சல்? வருஷத்தில் பாதி நாள் லீவு!" என்று சொல்லும் அன்பர்கள் நமக்கு நிறைய உண்டு. அவர்களை ஒரு தடவை நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து பார்க்கும்படி அன்புடன் அழைக்கிறோம். சுவரோரமாக 5 கட்டு விடைத்தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டு ஒன்றுக்கு 40 தாள்களுக்குக் குறைவில்லை. காலையில் எழுந்ததும் அவை நம்மைப் பார்க்கின்றன. நாம் அவற்றைப் பார்க்காதது போல் பாவனை செய்து காபி குடிக்கிறோம். இதற்குத்தான் உலகத்தார் ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விடைத்தாள்களை விட்டுத் தள்ளுவோம். டிசம்பர்க் கடைசி வாரம் வந்தால் இந்தப் பகுதியில் வருஷம் முடிவதைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதுவது நமது வழக்கம். இந்த வருஷம் அதை எழுத மனம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். சித்திரை மாதத்தில் நம் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரி வாசம், கடன், மறுபடியும் ஆஸ்பத்திரி என்று ஐப்பசி வரையில் ஓடிற்று. இப்போது கோலைப் பிடித்துக் கொண்டு வாசல் வரையில் வருகிறாள். கடன்தான் இன்னும் எழுந்து நடக்கத் தொடங்கவில்லை. இப்படிப்பட்ட வருஷத்துக்கு நன்றி கூறி விடை கொடுப்பதாவது! "போய்த் தொலை" என்று சொல்லாமல் இருப்பதே நமது பொறுமைக்கு அடையாளம் என்று எண்ணியிருந்தோம்.

இந்த மனநிலையில்தான் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தது.

நம்முடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் நம் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறார். கத்தோலிக்கக் குடும்பம். தீபாவளியன்று நம் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு தட்டுப் போகும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர்கள் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு தட்டு வரும். அதிரசம், முறுக்கு, இரண்டு துண்டு கேக். வருஷக்கணக்காக நடந்து வரும் இந்தப் பண்டமாற்று ஒப்பந்தத்தை எந்தச் சர்க்காரும் பதிவு செய்ததில்லை. ஆயினும் ஒரு தடவைகூட மீறப்பட்டதில்லை. இந்த வருஷம் தட்டு வரவில்லை. ஆடி மாதத்தில் அந்த அம்மையாரின் கணவர் காலமாகி விட்டார். காலையில் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

"துக்க வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கொடுக்க வேண்டும்" என்று நம் மனைவி நினைவூட்டினாள். இந்த வழக்கத்துக்கு மதபேதம் கிடையாது. ஆகவே நாமே ஒரு தட்டில் பலகாரம் எடுத்துக் கொண்டு சாயங்காலம் போனோம்.

வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு இல்லை. உள்ளே குடில் ஜோடனையும் இல்லை. ஆனால் திண்ணை கழுவி விடப்பட்டிருந்தது. தட்டை வாங்கிக் கொண்ட அம்மையார், "இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை, சார். ஆனாலும் ராத்திரி திருப்பலிக்குப் போகிறேன். நன்றி சொல்ல வேண்டும் அல்லவா?" என்றார்.

நாம் ஒரு நிமிஷம் புத்தியை எங்கே வைத்திருந்தோமோ தெரியவில்லை. "நன்றியா, டீச்சர்? எதற்கு?" என்று கேட்டு விட்டோம்.

கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக் கொண்டோம். பக்கத்தில் நின்ற நம் மனைவி பார்த்த பார்வையை இங்கே வருணிக்காமல் விடுகிறோம். ஆனால் அந்த அம்மையார் கோபித்துக் கொள்ளவில்லை. சற்று யோசித்து விட்டு, "இருபத்திரண்டு வருஷம் இருந்தாரே, சார்" என்றார். பிறகு, "நீங்களும் வாருங்களேன். கடைசியில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அந்த ஜெர்மன் பாட்டைப் பாடுவார்கள். கேட்க நன்றாயிருக்கும்" என்றார்.

* * *

வீட்டுக்குத் திரும்பிய நாம் விடைத்தாளைத் தொடவில்லை. அந்த "ஜெர்மன் பாட்டு" எது என்று தெரியும். 'அமைதியான இரவு' என்று பொருள்படும் சொற்களோடு தொடங்கும் பாட்டு அது. உலகத்தில் 300-க்கு மேற்பட்ட மொழிகளில் அதைப் பாடுகிறார்கள்; தமிழிலும் பாடுகிறார்கள். நமக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அதை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று கூடத்திலே உட்கார்ந்து தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, வருஷத்தைப் பற்றி நாம் வைத்திருந்த அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டங்கண்டது. அந்தக் கதையை நேயர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

1815-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இன்றைய இந்தோனேஷியாவைச் சேர்ந்த சும்பாவா தீவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. சரித்திரம் அறிந்த எரிமலை வெடிப்புக்களில் இதைவிடப் பெரியது இல்லை என்பார்கள். அது கக்கிய புகையும் நுண்துகளும் வான மண்டலத்தின் உச்சியில் பரவி, வெயிலை மறைக்கும் திரையாக உலகத்தைச் சுற்றி வந்தன. அதன் பலனாக 1816-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கோடை காலமே வரவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் குளிர் நடுக்கிற்று, ஓயாமல் மழை கொட்டிற்று, கதிர் முற்றவில்லை, உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிற்று. ரொட்டி விலை ஏறிக் கொண்டே போயிற்று. எங்கேயோ கீழ்த்திசைத் தீவு ஒன்றில் மலை வெடித்ததால்தான் தங்கள் வயலில் விளைச்சல் இல்லை என்பது அந்த ஜனங்களுக்குத் தெரியாது. காரணம் தெரியாமல் பட்டினி கிடப்பது இரட்டைப் பட்டினி அல்லவா?

இதற்கு முன்பே அவர்கள் களைத்துப் போயிருந்தார்கள். நெப்போலியனுடைய யுத்தங்கள் 1815-ல்தான் முடிந்திருந்தன. ஆல்ப்ஸ் மலைச் சாரலிலுள்ள ஸால்ஸ்புர்க் நாடு நெடுங்காலமாக ஒரு மதகுருவின் ஆட்சியில் தனிநாடாக இருந்தது. யுத்த காலத்தில் அது கைமாறிக் கைமாறி, கடைசியில் 1816-ம் வருஷம் மே மாதத்தில் ஆஸ்திரியாவுடன் சேர்க்கப்பட்டது. ஸால்ஸ்புர்க் என்றால் 'உப்புக் கோட்டை' என்று அர்த்தம். அந்த நாட்டின் செல்வமே உப்புத்தான். ஹலைன் என்ற ஊரில் எடுத்த உப்பை ஸால்ஸாக் நதியில் படகுகளில் ஏற்றிக் கொண்டு போவார்கள். புது எல்லை எங்கே போடப்பட்டது தெரியுமா? அந்த நதியின் நடுவிலே! நதிக்கரையில் லௌஃபன் என்று ஓர் ஊர். ஊர் ஒரு நாட்டுக்கும், எதிர்க்கரையிலிருந்த அதன் புறஞ்சேரியான ஓபர்ன்டார்ஃப் மற்றொரு நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. உப்புப் படகு தள்ளியும் படகு கட்டியும் பிழைத்த குடும்பங்களின் பிழைப்பில் மண் விழுந்தது. நேற்று வரையில் அக்கரை மாமன் வீடாக இருந்தது, இன்று அந்நிய தேசமாகி விட்டது.

அந்த 1816-ம் வருஷத்தில், மலைநாட்டில் மரியாஃபார் என்ற ஊரில் யோஸெஃப் மோர் என்ற இளம் பாதிரியார் ஒருவர் துணைக் குருவாக வேலை பார்த்து வந்தார். வயது 24-கூட நிரம்பவில்லை. அவருடைய பிறப்பே உலகம் மதிக்கக் கூடியதாக இல்லை. தாய் ஸால்ஸ்புர்க் நகரில் துணி பின்னிப் பிழைத்த ஏழை, மணமாகாதவள். தகப்பன் படையை விட்டு ஓடிப்போன சிப்பாய். பிள்ளை பிறப்பதற்கு முன்பே மறைந்து விட்டான். குழந்தைக்கு ஞானத் தகப்பனாக இருக்க யார் முன்வந்தார்கள் தெரியுமா? நகரத்துத் தூக்குத் தண்டனை நிறைவேற்றும் உத்தியோகஸ்தர்! அவரையும் ஊரார் சேர்த்துக் கொள்வதில்லை. ஆகையால் ஒதுக்கப்பட்டவருக்கு ஒதுக்கப்பட்டவர் துணை வந்தார் என்று வைத்துக் கொள்ளலாம். பையனுக்கு நல்ல குரல். தேவாலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு குரு அவனை எடுத்துப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்தும், முறைப்படி மணம் செய்யாத தாய்க்குப் பிறந்தவன் என்பதால், குருப்பட்டம் பெற விசேஷ அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவர், கோடையில்லாத அந்த வருஷத்தில், ஆறு பத்தியில் ஒரு பாட்டு எழுதினார். பஞ்சத்தைப் பற்றி எழுதவில்லை. யுத்தத்தைப் பற்றி எழுதவில்லை. இரவு, ஊர் உறங்குகிறது, ஒரு தாயும் குழந்தையும் விழித்திருக்கிறார்கள், குழந்தையும் உறங்கட்டும் — இவ்வளவுதான் அதன் ஆரம்பம். எழுதியதை அவர் யாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. காகிதம் இரண்டு வருஷம் சும்மா இருந்தது.

* * *

இனிமேல்தான் நமது அபிமானத்துக்குரிய மனிதர் வருகிறார். அவர் ஓர் உபாத்தியாயர்.

ஃபிரான்ஸ் ஸேவர் குரூபர் ஓர் ஏழை நெசவாளியின் மகன். தறியில் உட்கார வேண்டிய பிள்ளை சங்கீதத்தின் மேல் ஆசை கொண்டு, படித்து, ஆர்ன்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் 1807-ல் பள்ளிக்கூட வாத்தியாரானார். பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே மேல்மாடியில் குடித்தனம். வாத்தியார் சம்பளம் அந்தக் காலத்திலும் அந்தத் தேசத்திலும் எப்படியிருந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கோயில் பணிகளையும் சேர்த்துப் பார்த்தார். 1816 முதல், சில மைல் நடந்து போய் ஓபர்ன்டார்ஃப் கோயிலில் ஆர்கன் வாத்தியமும் வாசித்தார். அடுத்த வருஷம், 1817-ல், மோர் பாதிரியார் அந்த ஓபர்ன்டார்ஃபுக்கே மாற்றலாகி வந்தார். இருவருக்கும் சிநேகம் உண்டாயிற்று.

1818-ம் வருஷம் டிசம்பர் 24-ம் தேதி. மோர் தமது பழைய பாட்டை எடுத்துக் குரூபரிடம் கொடுத்து, "இரண்டு தனிக்குரலும் கூட்டுப் பாடகர்களும் பாடும்படி, கிதார் வாத்தியத்துக்கு ஏற்ப, இதற்கு மெட்டமைத்துத் தாருங்கள்" என்ற கருத்தில் கேட்டார். ஆர்கன் இருக்கும்போது கிதார் எதற்கு? ஆர்கனின் துருத்தியை எலி கடித்து விட்டது என்று பிற்காலத்தார் ஓர் அழகான கதை கட்டியிருக்கிறார்கள். குரூபர் தம் கைப்பட எழுதி வைத்த விவரத்தில் எலியும் இல்லை, துருத்தியும் இல்லை. கேட்டார், அன்று மாலையே மெட்டைக் கொடுத்தேன், அன்றிரவே பாடினோம், எல்லோருக்கும் பிடித்திருந்தது — இவ்வளவுதான் அதில் இருக்கிறது. மோர் மேல்குரலில் பாடிக் கிதாரும் வாசித்தார். குரூபர் கீழ்க்குரலில் பாடினார். பத்திகளின் கடைசி அடிகளைக் கூட்டுப் பாடகர்கள் திரும்பப் பாடினார்கள்.

கேட்டவர்கள் யார்? நதியில் வேலையிழந்த படகுக்காரர்கள். அவர்களுடைய மனைவி மக்கள். குளிர் காலத்தில் நதியில் படகு ஓடாது. அவர்களுக்கு அது வருமானமில்லாத ஓய்வு. அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்பது வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உடல் சும்மா இருக்கும். மனம் ஒரு நிமிஷமும் உட்காராது. அப்படிப்பட்டவர்களை நோக்கி ஓர் உபதேசியார், "உங்களுக்கு இருப்பதற்கு நன்றி செலுத்துங்கள்" என்று பிரசங்கம் செய்திருந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. அந்தப் பாட்டு அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. அவர்களிடம் எதையும் கேட்கவுமில்லை. சத்திரத்தில் இடம் கிடைக்காத ஓர் ஏழைத் தம்பதியையும், மாட்டுத் தொட்டிலில் கிடந்த குழந்தையையும் காட்டி, "சற்று உட்காருங்கள், குழந்தை தூங்குகிறது" என்று சொல்லிற்று. அவ்வளவுதான். ஆனால் ஒரு வீட்டில் குழந்தை தூங்கும்போது நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். கடன்காரனாயிருந்தாலும் மெதுவாகப் பேசு என்கிறோம். அந்தக் கொஞ்ச நேரம் வீட்டிலே எல்லோருக்கும் ஓய்வு கிடைத்து விடுகிறது.

அவர்கள் விசுவாசம் என்று சொல்வது இதைத்தானோ என்று தோன்றுகிறது. வெளியே அமைதி இருக்கிறது என்று பார்த்து உறுதி செய்து கொண்டு பாடியதல்ல அந்தப் பாட்டு. அமைதியற்ற நாட்டிலே, அமைதியை அனுபவித்திராத ஒருவர், அமைதி உண்டு என்று எழுதினார். அதை மற்றொருவர் மெட்டாக்கினார். நாம் கிறிஸ்தவர் அல்லர்; அவர்களுடைய சாஸ்திரத்தைப் பற்றிப் பேச நமக்கு யோக்கியதையும் இல்லை. ஆனால் விடியாத மார்கழி இருட்டிலே எழுந்து, விடியும் என்று நம்பிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

* * *

பாட்டு எப்படி உலகமெங்கும் போயிற்று என்பது தனிக் கதை. கார்ல் மௌராகர் என்ற ஆர்கன் பழுது பார்ப்பவர் ஓபர்ன்டார்ஃபிலிருந்து அதன் பிரதியைத் தம் ஊரான ஸில்லர் பள்ளத்தாக்குக்கு எடுத்துப் போனார். அங்கே ஸ்ட்ராஸர் என்ற குடும்பத்தார் கையுறை தைத்துச் சந்தைகளில் விற்று வந்தார்கள். கூட்டத்தைச் சேர்ப்பதற்காகப் பாட்டும் பாடுவார்கள். அவர்கள் லைப்ஸிக் நகரத்தில் பாடினார்கள். அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரைனர் குடும்பத்தார் 1839-ல் நியூயார்க் நகரத்தில் பாடினார்கள். பாட்டு அச்சாயிற்று. எழுதியவர் பெயரும் இல்லை, மெட்டமைத்தவர் பெயரும் இல்லை. நாட்டுப் பாடல் என்று போட்டு விட்டார்கள். இவ்வளவு நல்ல மெட்டைப் பெரிய வித்வான்கள்தான் அமைத்திருக்க வேண்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். 1854-ல் பெர்லின் அரண்மனைச் சங்கீத மண்டபத்திலிருந்து, "இது மிகையேல் ஹைடன் செய்ததுதானே?" என்று ஸால்ஸ்புர்க்குக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அந்தச் செய்தி குரூபர் காதுக்கு எட்டிற்று. அப்போது அவருக்கு வயது 67. பாட்டுப் பிறந்து 36 வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 30-ம் தேதி உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தார். மேலே நாம் சொன்ன விவரம் அதுதான். அதிலே குறையோ கோபமோ இல்லை. அந்த வாத்தியார் மூன்று தடவை மணம் செய்தவர். முதலிரு மனைவியரையும் பறிகொடுத்தவர். பிறந்த 12 குழந்தைகளில் நால்வரே வளர்ந்து பெரியவர்களானார்கள். குறை சொல்ல அவருக்குக் காரணம் இல்லாமலில்லை.

மோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் வாக்ரைன் என்ற மலைக்கிராமத்தில் இருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டப் பாடுபட்டார். ஏழைப் பிள்ளைகள் படிப்பதற்கு நிதி ஏற்படுத்தினார். தகப்பன் இல்லாத பிள்ளையைப் படிக்க வைத்தால் என்னவாகும் என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? 1848-ம் வருஷம் டிசம்பர் 4-ம் தேதி நுரையீரல் நோயால் இறந்தார். கையில் காசு மிச்சமில்லை. தம்முடைய பாட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தாரா என்பதற்கு அடையாளம் ஒன்றுமில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்று 1995-ல் கிடைத்தது. அதில், பாட்டு 1816-ல் தாம் எழுதியது என்றும், மெட்டு குரூபருடையது என்றும் குறித்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சேர வேண்டியதை மறக்காமல் எழுதி வைத்தாரே, அதற்காகவே நாம் அவருக்கு ஒரு நமஸ்காரம் செய்கிறோம்.

அவர்கள் பாடிய கோயில் இன்று இல்லை. நதியின் வெள்ளத்தால் பழுதடைந்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரு சிறு ஞாபகார்த்த ஆலயம் 1937-ல் திறக்கப்பட்டது. கிதார் ஹலைன் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. 2011-ல் ஆஸ்திரிய தேசம் இந்தப் பாட்டைத் தன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

ஆனால் இந்தக் கௌரவங்களையெல்லாம்விட நம் மனத்தைத் தொட்டது 1914-ம் வருஷத்துச் சம்பவம். முதல் உலக யுத்தம் தொடங்கி ஐந்து மாதம் ஆகவில்லை. ஃபிளாண்டர்ஸ் பிரதேசத்தில் இரு தரப்புச் சிப்பாய்களும் சேற்றுக் குழிகளில் எதிரெதிராகக் கிடந்தார்கள். டிசம்பர் 24-ம் தேதி இரவு, ஜெர்மானியர் தங்கள் குழிகளின் மேல் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து இந்தப் பாட்டைப் பாடினார்கள். எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கி சுடவில்லை. அவர்களும் தங்கள் மொழியில் பாடினார்கள். மறுநாள் பல இடங்களில் இரு தரப்பாரும் வெளியே வந்து கை குலுக்கினார்கள். புகையிலை மாற்றிக் கொண்டார்கள். நடுவெளியில் கிடந்த பிணங்களை அடக்கம் செய்தார்கள். நம் நாட்டுக் கார்வால் படையைச் சேர்ந்த சிப்பாய்களும் அந்த இடங்களில் ஒன்றில் இருந்தார்கள். யுத்தம் நின்று விடவில்லை. 1918 நவம்பர் வரையில் நடந்தது. பாட்டினால் யுத்தத்தை நிறுத்த முடியாது என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் ஒரு ராத்திரி நிறுத்திற்று. அந்த ஒரு ராத்திரியில் சாகாதவர்களுக்கு அது அற்ப விஷயமாக இருந்திருக்காது.

* * *

இதையெல்லாம் படித்து முடிக்கும்போது மணி பத்தடித்தது. அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. கடமையை நிறைவேற்றியது போலவாவது இருக்கட்டும் என்று ஒரு விடைத்தாளை எடுத்துத் திருத்தினோம். பையன் 34 மார்க்கு வாங்கியிருந்தான். "நூற்றுக்கு அறுபத்தாறு போய் விட்டதே" என்று நம் சிவப்புப் பேனா தன் வழக்கப்படி வருத்தப்பட்டது. அப்போதுதான் அந்த அம்மையார் சொன்னது உறைத்தது.

இருபது வருஷமாக நாம் விடைத்தாள் திருத்துகிறோம். தவறைக் கண்டால் பேனா தானாக நிற்கிறது; சரியானதைத் தாண்டிப் போய் விடுகிறது. இந்தப் பழக்கம் கையோடு நிற்காமல் மனத்துக்கும் ஏறி விட்டது. வருஷத்தையும் நூறிலிருந்து கழித்துக் கொண்டே வருகிறோம். தாயார் விழுந்தாள், பத்துக் கழி. கடன், இருபது கழி. கழித்து மிஞ்சியதைப் பார்த்து, "இதற்கா நன்றி?" என்று கேட்கிறோம். அந்த அம்மையார் கழிக்கவில்லை. சூனியத்திலிருந்து தொடங்கிக் கூட்டிக் கொண்டு போகிறார். ஒன்றுமே இல்லாமலிருந்திருக்கலாம், 22 வருஷம் கிடைத்தது. இன்னும் 22 கிடைத்திருக்க வேண்டும் என்ற துக்கம் அவருக்கு இல்லையா? உண்டு. கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஆனால் துக்கத்தை ஒரு கணக்கிலும் நன்றியை இன்னொரு கணக்கிலும் அவர் எழுதுகிறார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்கவில்லை. நாம்தான் இரண்டையும் ஒரே ஏட்டில் போட்டுக் குழப்பிக் கொண்டிருந்தோம்.

உள்ளேயிருந்து நம் தாயார், "இன்னும் தூங்கவில்லையா?" என்று கேட்டாள். சித்திரையில் அந்தக் குரல் இனி கேட்குமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது ஞாபகம் வந்தது. நாம் பேனாவை மூடி வைத்தோம்.

அப்புறம் நம் மனைவியும் நாமும் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அந்த அம்மையார் நடுவில், வெள்ளைப் புடைவையில், மகளோடு உட்கார்ந்திருந்தார். மகளுடைய தலை தாயின் தோளில் சாய்ந்திருந்தது. அந்தப் பெண் பாதித் தூக்கத்தில் இருந்தாள். முடிவில் விளக்குகளை அணைத்தார்கள். குடிலில் மட்டும் ஒரு சிறு வெளிச்சம். தமிழில் அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு நெசவாளி மகன் ஒரு நாள் பொழுதுக்குள் அமைத்த மெட்டு, இருநூறு வருஷம் கழித்து, அவர் பெயரையே கேட்டிராத நம் ஊர்ச் சனங்களின் வாயிலிருந்து வந்தது. அம்மையாரும் பாடினார். இரண்டாம் பத்தியில் குரல் நின்று விட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பாடிக் கொண்டே இருந்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் பத்தியில் அவர் மறுபடியும் சேர்ந்து கொண்டார். கூட்டமாகப் பாடுவதன் சௌகரியம் இது. ஒருவர் நின்றாலும் பாட்டு நிற்பதில்லை; அவர் வரும் வரையில் மற்றவர்கள் அதைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். விசுவாசமும் அப்படித்தான் போலும்.

நேயர்களில் யார் வீட்டிலாவது இந்த வருஷம் பண்டிகை இல்லையென்றால், அவர்களுக்கு நாம் உபதேசம் ஒன்றும் செய்யப் போவதில்லை. அவர்கள் அண்டை வீட்டாருக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆறுதல் சொல்லத் தெரியவில்லை என்று போகாமல் இருந்து விடாதீர்கள். தட்டை எடுத்துக் கொண்டு போங்கள். நம்மைப் போல் அசட்டுக் கேள்வி கேட்டாலும் பரவாயில்லை, போவதுதான் முக்கியம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் அந்தப் பெண் நம் வீட்டுத் தட்டைத் திருப்பிக் கொண்டு வந்தாள். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது. துக்க வீட்டிலிருந்து பலகாரமும் வரலாகாது. என்ன செய்வது? தட்டில் ஆறு எலுமிச்சம்பழம் இருந்தது. "அப்பா வைத்த மரம். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. அம்மா கொடுக்கச் சொன்னார்கள்" என்றாள்.

அன்று மத்தியானம் ஒரு பழத்தைப் பிழிந்து ரசம் வைத்தார்கள். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லி வந்த நம் தாயார், இன்னும் கொஞ்சம் விடும்படி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு விட்டு, கோலை ஊன்றிக் கொண்டு கூடம் வரையில் வந்தவள், விடைத்தாள் கட்டுக்களைப் பார்த்து, "இதெல்லாம் எப்போது முடிக்கப் போகிறாய்?" என்று கேட்டாள்.

"நாளைக்கு ஆரம்பிக்கிறேன், அம்மா" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தோம். வெகு நாளைக்குப் பிறகு பகலில் நன்றாகத் தூங்கினோம்.